பாராமல் சொல்லு, பிள்ளை



வீட்டுத்திட்டம், காணி உறுதி, கடன், வாழ்வாதாரம் என்று இந்தப் பக்கத்தில் பேசிவந்த நாம் இம்மாதம் பௌதிகவியல் சமன்பாடுகளைப் பற்றிப் பேசுவோம். "அது ரீச்சர்மாரின்ர வேலை, எங்களுக்கு அதில என்ன இருக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளை இருந்தாலும், அயல் வீட்டில் இருந்தாலும், இதில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. எட்டாம் வகுப்புடன் படிப்பை விட்டவர்களும் செய்யக்கூடிய வேலை அது.

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் மாதந்தோறும் போய்வரும் மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில் ஒரு தாய் இருக்கிறார். 1995ஆம் ஆண்டு வலிகாமம் இடப்பெயர்வில் பெற்றோருடன் வன்னிக்கு வந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. பாடசாலை அத்துடன் நின்றுபோனது. 2009இல் கணவர் காணாமல் போனபோது மகளுக்கு இரண்டு வயது, மகன் கைக்குழந்தை. இன்று விடியப்புறம் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். கச்சான் பிடுங்கும் காலத்தில் கூலிக்குப் போகிறார். அவரது விருப்பப்படி பெயரையும் ஊரையும் நான் இங்கே எழுதவில்லை.

மகள் கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதினாள். இணைந்த கணிதத்தில் சீ, இரசாயனவியலில் எஸ், பௌதிகவியலில் எஃப். மூன்று பாடங்களிலும் ஆகக் குறைந்தது எஸ் சித்தியாவது இல்லாமல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. கணிதத்தில் சீ எடுத்த பிள்ளைக்கு முன்னால் ஒரு பாடம் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறது.

அன்று நான் போனபோது அந்த அம்மா சொன்னார்: "என்ன செய்யிறது மிஸ், விடிய விடிய இருந்து பாடமாக்குறாள். என்ர காதாலயே கேக்கிறன். சோதினைக்குப் போய்க் குந்தினா ஒண்டும் ஞாபகம் வரேல்லயாம். அண்ணையும் சொல்லுறார், காணும், கார்மென்ற்சுக்கு விடு எண்டு."

ஆடைத் தொழிற்சாலையில் நின்று குடும்பத்தைத் தாங்கும் பிள்ளைகளை நான் ஒருபோதும் குறைவாகச் சொல்லமாட்டேன். அவர்களின் உழைப்பில்தான் எங்கள் கிராமங்களில் எத்தனையோ அடுப்புகள் எரிகின்றன. ஆனால் உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம். இந்தப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு தடவை மீதியிருக்கிறது. அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தின் மதிலைத் தாண்டித்தான் அவள் பஸ்ஸில் போய்வருகிறாள். தன்னால் முடியாது என்ற முடிவுக்கு அவள் வருவதற்கு முன், முடியாமற் போனதற்குக் காரணம் என்ன என்று பார்க்கவேண்டாமா?

நான் கலைப்பிரிவில் படித்துச் சமூகவியலில் பட்டம் பெற்றவள். பௌதிகவியல் எனக்கும் தெரியாது. ஆகவே எனக்குத் தெரிந்த பௌதிகவியல் ஆசிரியை ஒருவரை ஒரு சனிக்கிழமை அந்த வீட்டுக்கு அழைத்துப் போனேன். அன்று அந்தத் திண்ணையில் நடந்தவற்றையும், பின்வந்த மாதங்களில் நான் கண்டவற்றையும் கீழே தருகிறேன்.

எழுத்து எங்கிருந்து வந்தது?

பிள்ளையிடம் ஒரு கொப்பி இருந்தது. அதில் முதல் ஒற்றையிலிருந்து கடைசி ஒற்றைவரை சமன்பாடுகள். எண்ணிப் பார்த்தோம்: 140க்கு மேல். அத்தனையையும் வரிசையாக வாசித்து வாசித்துத்தான் அவள் பாடமாக்கி வந்திருக்கிறாள்.

எங்கள் உயர்தரப் பரீட்சையில் சமன்பாட்டுப் பட்டியல் தருவதில்லை. இங்கிலாந்தின் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைக்குச் சமன்பாடுகள் அச்சிட்ட தாள் கையில் கிடைக்கிறது. எங்கள் பிள்ளைக்கு எல்லாம் தலையில் இருக்கவேண்டும். கணிப்பானும் கொண்டுபோக முடியாது. முதலாம் பத்திரத்தில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு 2 மணித்தியாலம். ஒரு வினாவுக்கு 2 நிமிடமும் 24 செக்கனும். அதற்குள் எந்தச் சமன்பாடு என்று தெரிந்து, அதை நினைவில் எடுத்து, கையாற் கணித்து முடிக்கவேண்டும். ஆகவே மனனம் செய்வது கூடாது என்று சொல்வதில் பயனில்லை. மனனம் வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதே கேள்வி.

ஆசிரியை கொப்பியை மூடிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எஃப் சமன் எம் ஏ. இதில எஃப் எண்டால் என்ன?"

பிள்ளை "விசை" என்றாள்.

"எம்?"

கொஞ்சம் யோசித்து, "நிறை" என்றாள்.

"அதுதான் பிள்ளை பிரச்சினை" என்றார் ஆசிரியை.

அவர் விளக்கியபோதுதான் எனக்கும் விளங்கியது. ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்கு எஃப் என்பது விசைக்குரிய ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. எழுத்தைக் கண்டதும் சொல் வரும். தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைக்கு விசைக்கும் எஃபுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. திணிவுக்கும் எம்முக்கும் இல்லை. அவளுக்கு அது வெறும் எழுத்து. ஆகவே அவள் இரண்டு வேலை செய்யவேண்டியுள்ளது. எந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று முதலில் பாடமாக்க வேண்டும். பிறகுதான் சமன்பாடு. பல பிள்ளைகள் முதலாவதைச் செய்யாமல் நேரே இரண்டாவதுக்குத் தாவிவிடுகிறார்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ரியூசனுக்குக் காசில்லாத பிள்ளைகள் போனில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் பாடங்களைப் பார்க்கிறார்கள். நல்ல விடயம்தான். ஆனால் சொற்கள் வேறு. நாம் திணிவு என்று படிப்பதை அவர்கள் நிறை என்கிறார்கள். நாம் நிறை என்று படிப்பதை அவர்கள் எடை என்கிறார்கள். ஒரே சொல், இரு கரையிலும் இரு பொருள். எங்கள் ஆர்முடுகல் அங்கே முடுக்கம். எங்கள் அமுக்கம் அங்கே அழுத்தம். எங்கள் வலு அங்கே திறன். எங்கள் மீடிறன் அங்கே அதிர்வெண். எங்கள் பிள்ளை எம் என்பதை நிறை என்று சொன்னது அப்படித்தான். அவள் போனில் கேட்டது அது. வினாத்தாளில் நிறை என்று வந்தால் அது விசை. 50 கிலோகிராம் திணிவுள்ள பொருளின் நிறை, புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று கொண்டால், 500 நியூற்றன். இந்த ஒரு சொல்லில் வினா முழுவதும் பிழைத்துவிடும்.

அதனால் முதல் வாரம் சமன்பாடு எதுவும் பாடமாக்க வேண்டாம் என்றார் ஆசிரியை. ஒரு ஒற்றையில் இடப்பக்கம் எழுத்து, நடுவில் பாடப்புத்தகத்தில் உள்ள தமிழ்ச் சொல், வலப்பக்கம் அலகு. போனிற் கேட்ட சொல் வேறு என்றால் அதையும் பக்கத்தில் சிவப்புப் பேனையால் குறிக்கவேண்டும். சில எழுத்துகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டு. பெரிய ரி இழுவையாகவும் வரும், வெப்பநிலையாகவும் வரும், அலைவு காலமாகவும் வரும். அவற்றைத் தனியாக ஒரு மூலையில் எழுதச் சொன்னார்.

தாய்ச் சமன்பாடுகள்

இரண்டாவது வாரம் அந்த 140ஐ எடுத்தோம். "இதில அரைவாசிக்கு மேல பாடமாக்கத் தேவையில்லை" என்று ஆசிரியை சொன்னபோது பிள்ளை நம்பவில்லை. அவர் பேனையை எடுத்து ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினார்.

நேர்கோட்டு இயக்கத்துக்கு அவள் கொப்பியில் பதினொரு சமன்பாடு. மேலே எறிந்த பொருளுக்கு மூன்று, கீழே விழும் பொருளுக்கு மூன்று என்று தனித்தனியாக இருந்தன. அவை எல்லாம் ஒரே குடும்பம். இறுதி வேகம் என்பது ஆரம்ப வேகத்துடன் ஆர்முடுகல் தர நேரத்தைக் கூட்டியது. வி சமன் யு சக ஏரி. இடப்பெயர்ச்சி என்பது சராசரி வேகம் தர நேரம். இந்த இரண்டும் இருந்தால் மற்ற இரண்டையும் நாலு வரியில் பெறலாம். கீழே விழுந்தால் ஏக்குப் பதிலாகப் புவியீர்ப்பு ஆர்முடுகல். மேலே எறிந்தால் அதுவே சய அடையாளத்துடன். புதுச் சமன்பாடு எதுவும் இல்லை. பதினொன்று இரண்டாகிவிட்டது. பரீட்சையில் நேரத்தை மிச்சம்பிடிக்க நாலையும் மனதில் வைத்திருப்பது நல்லது. ஆனால் ஒன்று மறந்தால் மற்றதிலிருந்து எடுக்கலாம் என்ற தைரியம் வந்துவிட்டது.

இதை அந்த அம்மாவுக்கும் விளங்கவேண்டும் என்று ஆசிரியை கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். "தண்ணி கட்டில இருந்து அஞ்சு மீற்றர் கீழ இருக்கெண்டு வைப்பம். ஒரு கல்லைப் போட்டால் சரியா ஒரு செக்கனில 'டொபுக்' எண்டு கேக்கும்." கல்லைப் போட்டார். கேட்டது. அந்த நேரத்தில் கல்லின் வேகம் செக்கனுக்கு 10 மீற்றர், அதாவது மணிக்கு 36 கிலோமீற்றர் என்று பிள்ளை மனக்கணக்கில் சொன்னாள். பதினாறு வருசமாகத் தண்ணீர் அள்ளிய கிணற்றில் இப்படி ஒரு கணக்கு இருக்கிறதா என்று அம்மா கட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

மின்னியலிலும் இப்படித்தான். அழுத்த வேறுபாடு சமன் ஓட்டம் தர தடை. வலு சமன் அழுத்த வேறுபாடு தர ஓட்டம். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால், வலுவுக்குரிய மற்ற இரண்டு வடிவங்களும் ஒன்றை மற்றதில் இட்டால் தாமாக வரும். வலுவை நேரத்தால் பெருக்கினால் சக்தி. இது உங்களுக்கும் தெரிந்த கணக்குத்தான், சகோதரிகளே. மின்சாரப் பட்டியலில் ஒரு அலகு என்று போடுகிறார்களே, அது 1000 வாற்று ஒரு மணித்தியாலம் வேலை செய்த சக்தி. 1000 வாற்று ஸ்திரிக்கைப் பெட்டி ஒரு மணித்தியாலத்தில் முடிக்கும் அலகை, 10 வாற்று மின்குமிழ் நூறு மணித்தியாலம் எரிந்துதான் முடிக்கும்.

சுழற்சி இயக்கம் என்றாலே பிள்ளைக்குப் பயம். ஆசிரியை ஒற்றையின் நடுவே கோடு போட்டார். ஒருபக்கம் நேர் இயக்கம், மறுபக்கம் சுழற்சி. இடப்பெயர்ச்சிக்கு எதிரே கோண இடப்பெயர்ச்சி. வேகத்துக்கு எதிரே கோணவேகம். திணிவுக்கு எதிரே சடத்துவத் திருப்பம். விசைக்கு எதிரே முறுக்கம். இடப்பக்கத்துச் சமன்பாட்டில் எழுத்தை மாற்றினால் வலப்பக்கத்துச் சமன்பாடு வந்துவிடும். இயக்கப்பாட்டுச் சக்தி நேர் இயக்கத்தில் அரை தர திணிவு தர வேகத்தின் வர்க்கம். சுழற்சியில் அரை தர சடத்துவத் திருப்பம் தர கோணவேகத்தின் வர்க்கம். ஒன்று தெரிந்தால் மற்றது தெரியும்.

அலகைக் கேட்டுப் பார்

பிள்ளை அடிக்கடி தடுமாறுவது, பெருக்குவதா பிரிப்பதா என்பதில். அதற்கு ஒரு காவல் இருக்கிறது. அதுதான் அலகு.

கடையில் அரிசி ஒரு கிலோ 200 ரூபாய் என்றால் 3 கிலோ 600 ரூபாய். 200ஐ 3ஆல் பிரிப்போமா? மாட்டோம். கிலோவுக்கு இவ்வளவு ரூபாய் என்பதைக் கிலோவால் பெருக்கினால் கிலோ போய் ரூபாய் மிஞ்சும். செக்கனுக்கு இவ்வளவு மீற்றர் என்பதைச் செக்கனால் பெருக்கினால் செக்கன் போய் மீற்றர் மிஞ்சும். சமன்பாட்டின் இருபக்கமும் அலகு ஒத்துவராவிட்டால் அந்தச் சமன்பாடு நிச்சயமாகப் பிழை.

ஒரு விடயத்தை மட்டும் கவனிக்கவேண்டும். அரை, இரண்டு, பை போன்ற எண்களுக்கு அலகு இல்லை. ஆகவே அரையை விட்டுவிட்டு எழுதினால் அலகு காட்டிக்கொடுக்காது. அந்த எண்கள் வரும் சமன்பாடுகளைத்தான் கூடுதலாகப் பாடமாக்க வேண்டும்.

பார்த்துப் படிப்பதும் பாராமல் சொல்வதும்

இனி வருவதுதான் உங்களுக்குரிய வேலை.

ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் அது தெரிந்ததுபோல் இருக்கும். கண்ணுக்குப் பழகிப்போகும். ஆனால் கண்ணுக்குப் பழகியது வேறு, கேட்டவுடன் வாயில் வருவது வேறு. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மாணவர்கள் ஒரு பகுதியை ஒருமுறை வாசித்தார்கள். பிறகு அதை இன்னொரு முறை வாசித்தவர்கள் ஒரு பக்கம். இன்னொரு முறை வாசிக்காமல், நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தவர்கள் மறுபக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். திரும்ப வாசித்தவர்களுக்கு 42 வீதம்தான் நினைவில் இருந்தது. பாராமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 வீதம்.

எங்கள் பிள்ளைகள் இரவில் வாசித்துவிட்டு "எல்லாம் வந்திட்டுது" என்று படுப்பதும், பரீட்சை மண்டபத்தில் ஒன்றும் வராமல் விழிப்பதும் இதனால்தான். அவர்களின் மூளையில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் பாராமல் சொல்லிப் பழகவில்லை, அவ்வளவுதான். வாய்ப்பாட்டை நாங்கள் எப்படிப் பாடமாக்கினோம் என்று நினைத்துப் பாருங்கள். ரீச்சர் கேட்பார், நாங்கள் எழும்பி நின்று சொல்லுவோம். அதனால்தான் நாற்பது வயதிலும் ஏழெட்டு எத்தனை என்றால் நாக்கில் நிற்கிறது.

அந்த வீட்டில் செய்தது இதுதான். பழைய கலண்டர் மட்டைகளைச் சீட்டுகளாக வெட்டினோம். ஒருபக்கம் "முறுக்கம் என்றால்?" என்று தமிழில் கேள்வி. மறுபக்கம் சமன்பாடு, எழுத்துகளின் பொருள், அலகு. அம்மா இடியப்பம் பிழியும்போது அருகில் பிள்ளை இருந்து சொல்லவேண்டும். அம்மாவுக்குப் பௌதிகவியல் தெரியத் தேவையில்லை. கேள்வியை வாசிக்கத் தெரிந்தால் போதும். பிள்ளை ஒரு துண்டில் எழுதிக் காட்டுவாள். சீட்டின் பின்பக்கத்தில் உள்ளதுபோல் இருக்கிறதா என்று அம்மா பார்ப்பார். சரியென்றால் வலப்பக்கப் பெட்டி, பிழையென்றால் இடப்பக்கப் பெட்டி.

இடப்பக்கத்துச் சீட்டுகளை அடுத்த நாளே திரும்பக் கேட்கவேண்டும். வலப்பக்கத்துச் சீட்டை மூன்று நாள் விட்டு, பிறகு ஒரு வாரம் விட்டு, பிறகு இரண்டு வாரம் விட்டுக் கேட்கவேண்டும். மறந்துபோகும் நேரத்தில் திரும்ப நினைவுபடுத்தினால்தான் அது ஆழமாகப் பதியும். ஒரே இரவில் பத்துமுறை சொல்வதைவிட, பத்து நாளில் பத்துமுறை சொல்வது மேல். ஒரு நாளுக்கு இருபது நிமிடம் போதும். அதற்குமேல் இழுக்கவேண்டாம்.

சமன்பாட்டைச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது என்று ஆசிரியை எச்சரித்தார். ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் கடந்தகால வினாத்தாளிலிருந்து ஒரு கணக்காவது அன்றே செய்யவேண்டும். எந்த இடத்தில் எதைப் பாவிப்பது என்பது கணக்குச் செய்தால்தான் வரும். பூட்டுத் தெரியாமல் திறப்புக் கோர்வையைச் சுமந்து திரிவதால் என்ன பயன்?

நேரம் யாருடையது?

இவ்வளவும் சொல்லிவிட்டு, சமூகவியல் படித்தவளாக நான் பார்த்ததைச் சொல்லாமல் விடமுடியாது.

"விடிய விடிய இருந்து பாடமாக்குறாள்" என்று அம்மா சொன்னாரே, ஏன் விடிய விடிய? பகலில் அவள் எங்கே இருந்தாள்? ஒருநாள் முழுவதும் அவள் செய்தவற்றை எழுதச் சொன்னேன். விடிய நாலரைக்கு எழும்பி மா குழைப்பது. கடைகளுக்கு இடியப்பம் கொண்டுபோவது. பாடசாலைக்கு அல்லது வகுப்புக்குப் போவது. திரும்பி வந்து சமையல், தண்ணீர், உடுப்புத் தோய்ப்பு, ஆட்டுக்குக் குழை. படிக்க இருந்தபோது இரவு பத்துமணி. அதே வீட்டில் பதினாறு வயதுத் தம்பியின் பட்டியலையும் எழுதினோம். பாடசாலை, விளையாட்டு, போன்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தனியாக நின்று இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர் அவர். பெண்பிள்ளை செய்யவேண்டியது, ஆண்பிள்ளை செய்யத் தேவையில்லாதது என்று எங்களுக்கெல்லாம் வழிவழியாகச் சொல்லித் தந்த பட்டியல் அது. ஆனால் அதைப் படிப்போடு சேர்த்துப் பார்க்கும்போது, பௌதிகவியலில் அவள் எடுத்த எஃபில் அந்தப் பட்டியலுக்கும் பங்கு இருக்கிறது. படித்தவை மனதில் நிலைப்பதற்கு நித்திரை வேண்டும். நாலு மணித்தியாலம் மட்டும் நித்திரை கொள்ளும் பிள்ளையின் தலையில் எந்தச் சமன்பாடு தங்கும்?

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது அம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகனைக் கூப்பிட்டு, "தம்பி, நாளையில இருந்து தண்ணியும் ஆடும் உன்ர பொறுப்பு. கடைக்கும் நீதான் சைக்கிள்ல கொண்டு போறாய்" என்றார். அவன் முதலில் முகத்தைச் சுழித்தான். இப்போது செய்கிறான். சில இரவுகளில் சீட்டுக் கேட்பதும் அவன்தானாம்.

மாமா வந்தபோது நானும் அங்கே இருந்தேன். "அண்ணை, அவளுக்கு இன்னும் ஒரு வருசம் குடுங்கோ. கார்மென்ற்ஸ் எங்கயும் ஓடிப்போகாது. சோதினை ஓடிப்போயிடும்" என்று மட்டும் சொன்னேன். அவர் சம்மதம் என்று சொல்லவில்லை. போகும்போது பிள்ளையின் கையில் ஒரு பழைய கடந்தகால வினாத்தாள் தொகுப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். யாரோ தெரிந்தவர் வீட்டில் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்.

மண்டபத்தில் நெஞ்சு படபடத்தால்

எங்கள் பிள்ளைகள் பலர் சிறுவயதிலேயே பெரிய பயங்களைக் கண்டவர்கள். கண்டது நினைவில் இல்லாவிட்டாலும், பயந்த தாயின் மடியில் வளர்ந்தவர்கள். பரீட்சை மண்டபத்தின் அமைதியே சிலருக்கு நெஞ்சைப் படபடக்க வைக்கும். படித்ததெல்லாம் மறைந்ததுபோல் இருக்கும். அது மறதியல்ல, பதற்றம். பேனையை வைத்துவிட்டு, மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக நாலைந்து முறை விடச் சொல்லுங்கள். எழுதலாம் என்று மேற்பார்வையாளர் சொன்ன பிறகு, அடிக்கடி மறக்கும் நாலைந்து சமன்பாடுகளைச் செய்கைக்குரிய வெற்றிடத்தில் முதலில் எழுதிவைத்தால் மனம் இறங்கிவிடும். தெரிந்த வினாவிலிருந்து தொடங்கட்டும்.

பல வாரங்களாக நித்திரையின்றி, சாப்பாடின்றி, அழுதபடி இருக்கும் பிள்ளைக்குச் சீட்டும் பெட்டியும் போதாது. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார். அவரிடம் கூட்டிப் போவதில் வெட்கம் எதுவும் இல்லை.

அந்தப் பிள்ளை இரண்டாம் தடவைக்குத் தயாராகி வருகிறாள். முடிவு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. சாத்திரம் சொல்ல நான் வரவில்லை. எனக்குத் தெரிந்தது, முதல் மாதம் இடப்பக்கப் பெட்டியில் 43 சீட்டு இருந்தது, போன கிழமை நான் போனபோது 9 இருந்தது. அந்த ஒன்பதையும் எனக்கு வாசித்துக் காட்டியவர் அம்மா. "இது காந்தப் பாயம் மிஸ், இதுதான் அவளுக்குக் கொஞ்சம் கஷ்டம்" என்றார். சொல்லைத் தடுமாறாமல் சொன்னார்.

சகோதரிகளே, "எனக்குப் படிப்பில்லை, பிள்ளைக்கு நான் என்ன சொல்லிக்குடுக்கிறது" என்று என்னிடம் சொல்லாத தாய் குறைவு. சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, கேட்டால் போதும். இன்று இரவு பிள்ளையின் கொப்பியை வாங்கி உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிப்பிடித்து, "இதைப் பாராமல் சொல்லு, பிள்ளை" என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை அடுப்படி வேலையை வேறு யாராவது பார்க்கட்டும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.